இடது காலின் பொய்

"கை கால் நல்லாத்தானே இருக்கு... எந்திரிச்சு இடம் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. திரும்பாதவர்கள் இருவர்தான். ஒருவர் ஓட்டுநர். இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரும் அடுத்த நொடி விழித்து, விட்டுப்போனதைப் பக்கத்து இருக்கையில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

கேட்டவளுக்கு இருபத்தாறு வயது. தோளில் கறுப்புப் பை, கையில் சொட்டிக்கொண்டிருந்த குடை. விளையாட்டுக்காரர்களின் சுளுக்கிய தோள்களையும் கிழிந்த ஜவ்வுகளையும் சரிசெய்து மைதானத்துக்குத் திருப்பி அனுப்புகிற பிசியோ. சிகிச்சைக்கு வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கறார்'. அது அவளுக்கும் தெரியும். வெளியில் கோபித்துக்கொள்வாள், உள்ளூரப் பெருமைதான்.

கேட்கப்பட்டவன் ஆறடி. ஜன்னலோரம் சாய்ந்து, வலது காலை ராஜா மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள்... மழை பெய்கிற ஜன்னல் மாதிரி பளபளவென்று. அதெல்லாம் சரி, திட்டு வாங்குகிற கண்களில் சிரிப்பு எதற்கு?

"குறைய மாட்டேங்க. வாங்கக்கா, உட்காருங்க" என்று குழந்தை வைத்திருந்தவளை அழைத்துக்கொண்டே எழுந்தான்.

எழுந்த விதம்தான் சரியில்லை. முதலில் இடது கால், பிறகு இரண்டு கைகள், கடைசியில் யோசித்து யோசித்து வலது கால். பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கியது. நனைந்த கால்சட்டை முழங்காலோடு ஒட்டிக்கொள்ள, துணிக்குக் கீழே பட்டைகள் வரிவரியாகத் தெரிந்தன. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போடுகிற முழங்கால் கவசம்!

தினம் இருபது முழங்கால்களை அமுக்கிப் பார்க்கிறவளுக்கு ஒரு முழத் தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது தெரியவில்லை. இதையே வேறொருத்தி செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். மழை அவர்களுக்காகவே காத்திருந்ததுபோல் வலுத்தது.

"சாரி... நான் கவனிக்கலை."

"பரவாயில்லங்க. ஏறினதுலேர்ந்து யாராவது திட்டுவாங்கன்னு எதிர்பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நல்லா திட்டத் தெரிஞ்சவங்களா வந்தீங்க."

"குடைக்குள்ள வாங்க. நனையறீங்க."

"வேண்டாங்க, நான் ஆமை மாதிரி நடப்பேன். உங்களுக்கு லேட்டாயிடும்."

"எங்க போகணும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். அவள் வேலை பார்க்கிற சிகிச்சை மையத்தின் முகவரி!

"இங்க ஒரு பிசியோ இருக்காங்களாம். பயங்கரக் கறாராம். சிரிக்கவே மாட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். "ரொம்ப மோசமான பொம்பளை. ஜாக்கிரதையா இருங்க."

இருநூறு அடி தூரம். ஆமை நடை. குடை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டால் இருவருமே சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்தபோது அவனுக்குத் தோள் காய்ந்திருந்தது, அவளுக்குத் தோள் நனைந்திருந்தது. முன்மேசையில் இருந்த ரிசப்ஷன் அக்காவுக்கு அவ்வளவு போதும். ஊர்வம்பு நமக்கெதற்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே காதைத் தீட்டிவைத்துக்கொள்கிற மனுஷி அவள்.

பத்து நிமிடம் கழித்து அவன் இரண்டாம் அறைக் கதவைத் திறந்தான். வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தவளைப் பார்த்தான்.

"வாங்க. நான்தான் அந்தப் பயங்கரக் கறார்."

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். "முட்டி வலி சுத்தமா போயிடுச்சு மேடம். நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

சிரிக்கவே மாட்டாள் என்று பெயரெடுத்தவள் அன்று கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள். கோப்பு ஏன் குலுங்கியது என்று கேட்கக்கூடாது.

அவன் மும்முறைத் தாண்டுதல் வீரன். கூட்டாளிகள் வைத்த பெயர் 'தவளை'. மூன்று மாதத்துக்கு முன்னால் மணலில் இறங்கும்போது வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. கோச் வேறு யாருமல்ல, அவனுடைய சொந்த அக்காவின் கணவர். வீட்டில் 'மாமா', மைதானத்தில் 'சார்'. மறந்து மாற்றிக் கூப்பிட்டுவிட்டால் மைதானத்தில் பத்துச் சுற்று ஓடவேண்டும். வீட்டில் மாற்றிக் கூப்பிட்டால் அக்கா சிரிப்பாள்.

நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஏழு மாதத்தில். வருடத்துக்கு ஒரே தடவை. இவன் பிரிவில் ஒரே ஓர் இடம். இவனுக்கோ இருபத்தேழு வயது ஆகப்போகிறது. பின்னாலேயே இரண்டு பேர் மூச்சுவிடுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இவன் தேர்வில் கலந்துகொள்ள, முட்டி தயார் என்று பிசியோ கையெழுத்துப் போட்ட தகுதிச் சான்று வேண்டும். அதாவது... அவள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து லேசில் கிடைக்காது. நான்கு வருடத்தில் அதை வாங்கிக்கொண்டு போன ஒருவர்கூட ஊன்றுகோலோடு திரும்பி வந்ததில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் வந்தான். ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் எட்டே காலுக்கு வந்து உட்கார்ந்திருப்பான். ரிசப்ஷன் அக்கா கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்ப்பாள். முட்டிக்கு வந்தவன் முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏன் சிரிக்க வேண்டும்?

உள்ளே வேறு மாதிரி நடந்தது.

"பத்துக்கு எவ்வளவு வலி?" என்பாள் அவள், முட்டியை மடக்கி அமுக்கி.

"ரெண்டு மேடம்." நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும்.

"ரெண்டுக்கா கட்டில் விளிம்பைப் பிச்சு எடுக்கறீங்க?"

"அது... கட்டில் மேல ஒரு பாசம்."

அவன் சொல்கிற எண்ணோடு அவள் நான்கைக் கூட்டி எழுதிக்கொள்வாள். ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்வாள். ஆடுகிற பலகைமேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிவிட்டுப் பந்தை எறிவாள். விழுந்தால் மறுபடி. முணுமுணுத்தால் இன்னும் பத்து.

"பேசாம மூணாம் ரூம் சார்கிட்ட போயிருக்கலாம் நான்" என்று பெருமூச்சு விடுவான். மூன்றாம் அறையில் இருந்தவர் நரைத்த சீனியர் பிசியோ. கட்டைவிரலாலேயே கல்லை உடைப்பார் என்று பேச்சு.

"வேணும்னா போங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

"போகத்தான் பார்க்கறேன்... கால் வரமாட்டேங்குது."

அவள் ஐஸ் பையை முட்டியில் வேகமாகவே வைத்தாள். ஐஸ் அவளுக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது, கன்னத்துக்கு.

ஐந்தாம் மாதம் ஒருநாள் கேட்டேவிட்டான். வெளியே தூறல். கண்ணாடியில் கோடுகோடாய் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"முக்கு கடையில காபி நல்லாருக்குமாம் மேடம்."

"சிகிச்சையில இருக்கறவங்களோட நான் வெளிய போறதில்ல."

"விதியா?"

"விதி."

"அப்போ சிகிச்சை முடிஞ்சதும்?"

அவள் ரப்பர் பட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முடியட்டும்..." என்றாள்.

ஒரே வார்த்தைதான். அவன் அன்று படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்து ரிசப்ஷன் அக்கா, "ஏப்பா, லிஃப்ட் இருக்கு!" என்று கத்தவேண்டியிருந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அளவெடுக்கும் நாள் வந்தது. ஒரு புதன்கிழமை.

தரையில் வெள்ளைக் கோடு, அதிலிருந்து நீளும் அளவு நாடா. கோட்டில் ஒற்றைக்காலில் நின்று எம்பவேண்டும். அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்கவேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. அடிபட்ட கால் எவ்வளவு தூரம் போகிறது என்பது பெரிதில்லை. நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது அது தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. தாண்டினால் கையெழுத்து.

முதலில் நல்ல கால், இடது. நூற்றி எழுபத்தெட்டு, நூற்றி எண்பது, நூற்றி எழுபத்தொன்பது. இறங்கி நிற்கும்போதெல்லாம் அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் எண்களை எழுதினாள்.

பிறகு வலது. நூற்றி அறுபது... அறுபத்தைந்து... கடைசி முறை பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தான். நூற்றி அறுபத்தெட்டு!

"தொண்ணூத்தி மூணு!" அவள் குரல் அவளை மீறி உயர்ந்தது. ஏதோ பேனா தேடுகிற சாக்கில் வாசலில் நின்றிருந்த ரிசப்ஷன் அக்கா கையே தட்டிவிட்டாள்.

கையெழுத்துப் போட்டுச் சான்றை நீட்டினாள். அவன் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"இப்போ நான் உங்க பேஷன்ட் இல்ல."

"இல்ல."

"அப்போ காபி?"

"கோட்டைக் கழட்டிட்டு வரேன்..."

மழை நின்று, மரங்கள் மட்டும் பெய்துகொண்டிருந்த சாயங்காலம். நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். கைகள் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு இருவரும் எடுத்துக்கொண்ட சிரமத்தைச் சொல்லி மாளாது.

முக்குக்கு முன்னால் நடைபாதை பள்ளமாகி, சுவரிலிருந்து சாலைவரை தண்ணீர் தேங்கியிருந்தது. அடியில் சிவப்புக் கற்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அவள் செருப்பைக் கழற்றலாமா என்று குனிந்தாள்.

"பாருங்க மேடம்!"

சந்தோஷம் தலைக்கேறினால் தவளைக்கு வேறென்ன செய்யத் தெரியும்? இடது காலில் நின்றான். எம்பினான். அக்கரையில் அதே இடது காலில் இறங்கி, பழக்கதோஷத்தில் கொக்கு மாதிரி அசையாமல் நின்றான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். "வாங்க, நான் பிடிச்சுக்கறேன்!"

அவள் வரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"இந்தக் கல்லு ஒண்ணு ஒரு அடி" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"ஏழு கல்லு. மேல கொஞ்சம்... எப்படியும் இருநூத்தி இருபது. ஈர ஷூவோட, தோள்ல பையோட. உள்ள நூத்தி எண்பதுக்கு மேல போகாத அதே கால்."

அவன் முகத்தில் சிரிப்பு ஒவ்வொரு விளக்காக அணைந்தது. நீட்டிய கைகள் கீழே இறங்கின.

தந்திரம் எளிது. வலது காலை உயர்த்த முடியாவிட்டால் இடது காலைக் குறைத்துவிடு. நல்ல கால் வேண்டுமென்றே சோம்பேறியாகத் தாண்டினால், அடிபட்ட கால் அதற்குச் சமமாகத் தெரியும். உண்மைக் கணக்கு தொண்ணூற்று மூன்று இல்லை. எண்பதுகூட இல்லை.

"பத்துக்கு எத்தனை பொய்?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "எல்லாரும் செய்யறதுதான் மேடம்."

"என்கிட்ட யாரும் செஞ்சதில்ல."

"செஞ்சிருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

சொன்ன மாத்திரத்தில் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் கண்களில் மழை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. இடிதான் வந்தது.

"அந்தப் பேப்பரைக் கொடுங்க."

"போட்ட கையெழுத்து போட்டதுதான். என் கால்... என் வருஷம். போனா எனக்குத்தானே போகுது?"

"கால் உங்களோடது. கையெழுத்து என்னோடது." அவள் குரல் உயரவே இல்லை. "வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு உங்க கோச்சுக்கு போன் பண்ணுவேன். உங்க வாயால சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க."

"பண்ணிக்கோங்க!"

நடுவில் ஏழு கல் அகலத் தண்ணீர். அவன் அந்தப் பக்கம் போனான். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். காபி கடைக்காரர் இரண்டு பேருக்கு மேசை துடைத்தது வீண்.

வியாழக்கிழமை அவளிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் பாவம் செய்தவர்கள். ஒரு நீச்சல்காரர் வலி ஒன்று என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில் எட்டு என்று திருத்திக்கொண்டார்.

கோபம் அவன்மேல் மட்டும் இருந்திருந்தால் சுலபம். பத்து வருடமாக மணலைத் தாண்டித் தாண்டி உரமேறிய கால்... அது வெறும் நூற்றி எண்பது தாண்டியபோது, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட 'என்னப்பா விளையாடறியா' என்று கேட்டிருப்பார். தான் ஏன் கேட்கவில்லை? காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்க அன்று முழுவதும் பாடுபட்டாள்.

போன் பண்ணினால் அவனுக்கு ஒரு வருடம் போகும். பண்ணாவிட்டால் முட்டி போகும். எது போனாலும், அவன் இனி எட்டே காலுக்கு வந்து உட்காரப்போவதில்லை.

அதற்காக? அவள் கறார். வெள்ளிக்கிழமை சரியாக எட்டு மணிக்கு எண்களை அழுத்தினாள்.

"கோச் சார், நான்..."

"கோச் சார் பேசற நிலைமையில இல்லம்மா. நான் அவர் வீட்டுக்காரி. நீதானா அந்தக் கறாரு?"

"நான் பிசியோ பேசறேன்ங்க..."

"அதேதான். எட்டு மணிக்கு போன் வரும், எடுத்துப் பேசுக்கான்னு சொல்லி, மாமாவோட போனை என் கையில திணிச்சுட்டுப் போனான் என் தம்பி. நானும் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லையே! பலே ஆளுதான் நீ."

"அவர்... சொல்லிட்டாரா?"

"நேத்து சாயங்காலம் வந்தான். பேப்பரை மாமன் கையில கொடுத்தான், அப்படியே எல்லாத்தையும் ஒப்பிச்சான். இந்த மனுஷன் பேப்பரைக் கிழிச்சாரு, கத்தினாரு, சாப்பாடு வேண்டாம்னு போய்ப் படுத்தாரு. அப்புறம் பசி தாங்காம எந்திரிச்சு வந்து, மச்சானுக்கும் சேர்த்துத் தட்டு வெச்சாரு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்காம சாப்பிட்டுதுங்க."

"இப்போ எப்படி இருக்கார்?"

"எந்த அவர்? என் வீட்டுக்காரரா, உன் பேஷன்ட்டா?"

மறுமுனையில் அந்த அக்கா ரசித்துச் சிரித்தது நன்றாகவே கேட்டது. "சரி சரி, கோவிச்சுக்காத. ஏழு மணிக்கே கிளம்பிட்டான். இந்நேரம் அங்க வந்திருக்கணுமே?"

தலையை நிமிர்த்தினாள். அறை வாசலில் அவன் நின்றிருந்தான். கையில் ஷூ.

"அளங்க மேடம்."

அவள் நாடாவை விரித்தாள். இம்முறை தரையோடு தரையாகக் குனிந்து, குதிகால் பட்ட இடத்தை மட்டுமே பார்த்தாள்.

இடது, இருநூற்றி இருபத்தாறு. வலது, நூற்றி எழுபது.

"எழுபத்தஞ்சு" என்றாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வீரம் பேசி வந்தவன்தான். ஆனால் எண்ணைக் காதால் கேட்பது வேறு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இந்த வருஷம் போச்சு."

"முட்டி போகலை."

"எத்தனை வாரம் ஆகும்?"

"பன்னிரண்டு. ஒழுங்கா செஞ்சா பத்து."

"ஒழுங்கா செய்வேன். அடுத்த வருஷம் அந்த இடம் என்னோடது. இருபத்தெட்டுல தவளை தாண்டாதா என்ன?"

"தாண்டும். எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

அவன் நிமிர்ந்தான். அந்தப் பெரிய கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நேராகப் பார்த்தன. "அன்னிக்குச் சொன்னது தப்பு மேடம். உங்களுக்குத் தெரியாதுன்னு... பொய்க்கு ரெண்டு காரணம் இருந்துச்சு. ஒண்ணு தேர்வு. இன்னொண்ணு..."

"காபி."

"தெரியுமா?"

"நான் கறாரு. மக்கு இல்ல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல... மக்குதான். உங்க இடது கால் நூத்தி எண்பதுன்னு என் கையாலயே எழுதினேன். சந்தேகமே வரலை. ஏன் தெரியுமா? நான் காலைப் பார்க்கலை."

"பின்ன எதைப் பார்த்தீங்க?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் இறங்கி நின்னு சிரிச்சீங்க இல்ல... அதைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வாசலுக்கு வெளியே ரிசப்ஷன் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

"அதனால இனிமே உங்க முட்டியை நான் பார்க்கக்கூடாது. பார்த்தா மறுபடியும் ஏமாறுவேன்." அவள் மேசையில் உட்கார்ந்து, நோயாளியை வேறொரு பிசியோவிடம் மாற்றும் படிவத்தை இழுத்தாள். "மூணாம் ரூம் சார்கிட்ட மாத்தி விடறேன்."

"ஐயோ, அந்தக் கட்டைவிரலா?"

"பத்து வாரம்தானே... தாங்குங்க."

மாற்றக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் எழுத ஆரம்பித்தாள். 'சொந்தக் கார' வரை வந்தபோது மேசைமேல் நிழல் விழுந்தது. அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொந்தக்கார...?" என்று நிறுத்தினான். "யாரு... நானா?"

"இன்னும் எழுதி முடிக்கலை. சொந்தக் காரணம்."

"இன்னும் 'ணம்' போடலையே." அவன் குரலில் அந்தச் சிரிப்பு திரும்ப வந்திருந்தது. "வேற எழுத்தும் போடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அதை மட்டும் சொல்லிக்கறேன். மீதி உங்க பேனா."

படிவத்தை அரைகுறையாக விட்டது அவள் சரித்திரத்தில் இல்லை. பேனா ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு இறங்கியது. ஒரே எழுத்து, மேலே ஒரு புள்ளி. அடியில் கையெழுத்து. நாலு வருடமாகப் போட்ட அதே கையெழுத்து, கொஞ்சமும் நடுங்காமல்.

"முன்மேசையில கொடுத்துடுங்க" என்று நீட்டினாள்.

அவன் படித்தான். வெளியே போனான். ரிசப்ஷன் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழே படித்தாள். காரணக் கட்டத்தில் கண் நின்றது.

"சொந்தக்காரரா? எப்போலேர்ந்து?" என்று உள்ளே பார்த்துக் கூவினாள்.

"இப்போலேர்ந்துக்கா!" என்றது இரண்டாம் அறை.